ஒரு கால் மட்டும் வீங்கினால்... வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

போன இதழில் காலில் நீர் கோத்துக்கொள்வது பற்றி நாலு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், மாத்திரை என்று தேடுவோம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கதையே வேறு என்று சொல்லிவிட்டு, அந்த வேறு கதையைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். விளைவு, மேஜை முழுக்கக் கால் கடிதங்கள். அதனால் இந்த முறை சர்க்கரை, தைராய்டு, முடி கொட்டுவது எல்லாம் அடுத்த இதழுக்கு. இன்றைக்குக் கால் மட்டும்.

கேள்வி: எனக்கு 54 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு பள்ளியில் மாடிப்படி இறங்கும்போது இடது முழங்காலுக்குப் பின்னால் 'டப்' என்று ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. உடனே வெந்நீர் கெண்டைக்காலுக்குள் வழிந்து இறங்குவது போல ஒரு சூடு. மறுநாள் காலையில் ஆடுசதை கல் மாதிரி வீங்கி, காலை ஊன்ற முடியவில்லை. முதலில் பார்த்தவர் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் தோலில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார். மூன்றாமவர் இரண்டு காலையும் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, ரத்தக்கட்டாக இருக்கலாம் என்று டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினார், அது நார்மல். கடைசியில் ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8 இருக்கிறது, அதனால்தான் என்று ஒரு மாத்திரை. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது, வலி போகவில்லை. இப்போது கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு நீலக் கறை வந்திருக்கிறது. அங்கே அடிபடவே இல்லை. (இரண்டு வருஷமாக இடது முட்டியில் வலி உண்டு, மடக்கி உட்கார்ந்தால் பின்னால் ஒரு உருண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) எனக்கு என்னதான் டாக்டர்? ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.
— ஓர் ஆசிரியை, கரூர்

பதில்: டீச்சர், அடைப்புக்குறிக்குள் போட்டு, சம்பந்தம் இல்லை என்று நீங்களே அடித்துச் சொன்ன அந்த இரண்டு வரியில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நேரே அங்கே போகக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும், ஏன் என்று சொல்கிறேன்.

ஒற்றைக்கால் வீங்கி வலித்தால் மருத்துவர் மனதில் முதலில் வர வேண்டிய கேள்வி "இது என்ன" இல்லை. "இது ரத்தக்கட்டு இல்லை என்று எப்படி உறுதி செய்வது" என்பதுதான். கெண்டைக்காலின் ஆழத்தில், தசைகளுக்கு நடுவே ஓடும் சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடலாம். அது கால் வலியோடு நின்றால் பரவாயில்லை. அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே ஏறி இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்தால் சில நிமிடங்களில் ஆளையே கொண்டுபோய்விடும். சுளுக்கைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் யாரும் சாவதில்லை, இதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் சாவார்கள். அதனால் வரிசையில் இதற்குத்தான் முதலிடம். உங்களைப் பயமுறுத்தினார் என்று அந்த மூன்றாவது டாக்டர் மேல் கடிதத்தில் இன்னொரு இடத்தில் குறைப்பட்டிருக்கிறீர்கள், ஆனால் மூன்று பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவர் டேப் எடுத்தது சும்மா இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கம் எலும்பில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அங்கிருந்து 10 சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு காலிலும் அதே இடத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது ஒரு புள்ளி. உங்கள் சீட்டில் இடது 39, வலது 35.5 என்று எழுதியிருக்கிறார், ஆக ஒரு புள்ளி. கனடாவைச் சேர்ந்த பிலிப் வெல்ஸ் என்ற மருத்துவர் 1990களில் ரத்தக்கட்டுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று அளக்கக் கொண்டுவந்த கணக்கு இது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பது, காலில் மாவுக்கட்டு அல்லது பக்கவாதம், மூன்று நாளாவது படுத்த படுக்கையாகக் கிடந்தது அல்லது மூன்று மாதத்துக்குள் பெரிய ஆபரேஷன், ஆழ்சிரை ஓடும் வழியே தொட்டால் வலி, கால் முழுக்க வீக்கம், அந்தக் காலில் மட்டும் விரலால் அழுத்தினால் குழி விழுவது, தோலில் புதிதாகச் சிரைகள் புடைப்பது, முன்பே ஒரு முறை ரத்தக்கட்டு வந்திருப்பது, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இதில் எனக்குப் பிடித்தது கடைசி வரி: வேறு ஒரு நோய் இதே அளவுக்குப் பொருந்துகிறது என்று மருத்துவருக்குத் தோன்றினால் இரண்டு புள்ளி கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது கணக்கே கடைசியில் "நீ யோசித்தாயா?" என்று கேட்கிறது. கூட்டி, கழித்து, இரண்டோ அதற்கு மேலோ வந்தால் நேராக ஸ்கேன். அதற்குக் கீழே இருந்தால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை போதும், அது இயல்பாக இருந்தால் ரத்தக்கட்டு அநேகமாக இல்லை. ஆனால் அது கூடியிருந்தால் ரத்தக்கட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. வயது, காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், உள்ளே ரத்தம் கசிவது, எதற்கும் அது கூடும். உங்களுக்கு இப்போது எடுத்தால் எப்படியும் கூடுதலாகத்தான் வரும், அதனால் எடுக்காமல் இருப்பதே நல்லது.

(பழைய ஆட்கள் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்து, ஆடுசதையில் வலித்தால் ரத்தக்கட்டு என்பார்கள். ஹோமன்ஸ் சோதனை என்று பெயர். நானும் அதைப் பாடமாகப் படித்துத்தான் தேறினேன். சுளுக்கு இருந்தாலும் அப்படி வலிக்கும், ரத்தக்கட்டில் பல நேரம் வலிக்கவே வலிக்காது, அதை நம்பி முடிவு எடுக்கக்கூடாது.)

சரி, டாப்ளர்தான் நார்மல் ஆயிற்றே என்பீர்கள். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். தொடை இடுக்கிலிருந்து முழங்காலின் பின்குழி வரை சிரைகள் அழுத்தினால் நன்றாக அமுங்குகின்றன என்று இருக்கிறது. ஸ்கேன் செய்பவர் அந்தக் கருவியால் அழுத்துவது எதற்கென்றால், நல்ல சிரை ஈரத்துணிக் குழாய் மாதிரி, அழுத்தினால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கட்டி இருந்தால் ஒட்டாது. உங்கள் ரிப்போர்ட்டில் முழங்காலுக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. வீக்கம் கெண்டைக்காலில், பார்த்தது தொடையில். 'நார்மல்' என்றால் பார்த்த இடம் நார்மல், அவ்வளவுதான். இப்படி மேல்பகுதியை மட்டும் பார்த்திருந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் கீழே தொடங்குகிற கட்டு மேலே ஏறுவதானால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் ஏறிவிடும். அது உங்களுக்குச் செய்யப்படவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது, வீக்கமும் வடிகிறது, அதனால் நான் பதறவில்லை, ஆனாலும் இந்த வாரமே இன்னொரு ஸ்கேன் எடுங்கள். எடுக்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: கணுக்கால் வரை சிரைகளைப் பார்க்க வேண்டும், அப்புறம் முழங்காலின் பின்குழியையும் ஆடுசதைக்கு நடுவே நீர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தோல் தொற்று என்றதும் எனக்கு ஒட்டவில்லை. அதில் தோல் சிவந்து, தொட்டால் சுட்டு, சிவப்பு நாளுக்கு நாள் படர்ந்து, பெரும்பாலும் காய்ச்சலும் இருக்கும். உங்களுக்கு இவை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யூரிக் ஆசிட் இன்னும் மோசம். அந்த உப்பு மூட்டில்தான் போய் உட்காரும், கால் பெருவிரல், கணுக்கால், முட்டி என்று. ஆடுசதையில் வந்து உட்காராது. ரத்தத்தில் ஒரு எண் கொஞ்சம் கூட இருக்கிறது என்பதற்காகக் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வலியை அதன் தலையில் கட்டுவது நம் ஊரில் ரொம்பக் காலமாக நடக்கிறது. அந்த மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம். முட்டி தேய்ந்து உள்ளே அழற்சி இருந்தால் மூட்டு நீர் அதிகமாகச் சுரக்கும். அந்த நீருக்கு முன்பக்கம் இடமில்லை, பின்பக்கம் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பை இருக்கிறது, அதில் போய்ச் சேரும். மடக்கி உட்கார்ந்தால் உருண்டை அடைக்கிற மாதிரி இருந்தது அதுதான். லண்டனில் இருந்த வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற அறுவை மருத்துவர் 1877ல் இதை எழுதினார், அதனால் பேக்கர் நீர்க்கட்டி என்று பெயர். படி இறங்கும்போது முட்டிக்குள் அழுத்தம் கூடும், பை ஒரு நாள் வெடிக்கும். 'டப்'. உள்ளிருந்த நீர் ஆடுசதை இடுக்குகளில் வழிந்து இறங்கும், வெந்நீர் ஓடியது மாதிரி. அந்த நீர் தசையைப் புண்ணாக்கும், கால் வீங்கும், தொட்டால் உயிர் போகும், பார்க்க அச்சு அசல் ரத்தக்கட்டு மாதிரியே இருக்கும். வெடித்த இடத்தில் கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்கி, சில நாள் கழித்துக் கணுக்கால் எலும்புக்கடியில் பிறை மாதிரி நீலமாகத் தேங்கும். கடிதத்தில் அந்தப் பிறையைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வெடித்த நீர்க்கட்டியும் ரத்தக்கட்டும் ஒரே காலில் சேர்ந்து இருந்த ஆட்களும் உண்டு, அதனால்தான் மறுபடி ஸ்கேன் என்கிறேன். ஸ்கேன் பார்க்காமல் ஒரு சந்தேகத்தில் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைத் தொடங்கியிருந்தால் உங்களுக்கு அது ஆபத்தாக முடிந்திருக்கலாம். ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிற ஆடுசதைக்குள் இன்னும் ரத்தம் கொட்டி, தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டமே நின்றுபோகும். கால் விரல்களை மற்றவர் லேசாக இழுத்தாலே அலறும்படி வலித்தால், பாதம் மரத்துப்போனால், அது இந்த அழுத்தம்தான், சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியது.

நீர்க்கட்டிதான் என்று உறுதியானால் பெரிதாக ஒன்றும் இல்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள், துணியில் சுற்றிய ஐஸ், வலிக்குப் பாரசிட்டமால், சில வாரத்தில் நீர் தானாக உறிஞ்சப்பட்டுவிடும். அப்புறம் முட்டியைக் கவனிக்க வேண்டும், மூட்டு மருத்துவரிடம் போங்கள், இல்லாவிட்டால் பை மறுபடி நிறையும். இதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, நான் எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த வருஷம், இரவு ஓபியில் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வலது ஆடுசதையில் வலி. டெல்லியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். க்ளட்ச் கால் இல்லையே, ஆக்ஸிலேட்டர் கால்தானே, பிடிப்பாக இருக்கும் என்று ஏதோ ஒரு அசட்டுக் கணக்குப் போட்டு, வலி மாத்திரை எழுதி, தைலமும் தடவிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். காலைத் தொட்டுப் பார்த்தேனே தவிர இன்னொரு காலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பேன்ட்டை ஒரு பக்கம் மட்டும்தான் மடக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் மூச்சுத்திணறலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கால் வலி என்று யார் வந்தாலும் இரண்டு காலையும் முட்டிக்கு மேல் வரை திறந்து காட்டச் சொல்கிறேன், என் சட்டைப் பையில் தையல்கடை டேப் ஒன்று எப்போதும் இருக்கிறது.

கேள்வி: மகளுக்குச் சிசேரியன் ஆகி 11 நாள். இரண்டு நாளாக இடது கால் தொடையிலிருந்தே வீங்கிக் கனக்கிறது என்கிறாள். பச்சை உடம்பு, நீர் கோத்திருக்கும், ஒத்தடம் கொடுத்தால் போகும் என்று என் மாமியார் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: அம்மா, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதிலிருந்த எண்ணுக்கு அழைத்துப் பேசிவிட்டோம், மகள் இப்போது மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறாள். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகத்தான் இங்கே பிரசுரிக்கிறேன்.

கர்ப்ப காலத்திலும் பிரசவமாகி ஆறு வாரம் வரையிலும் ரத்தம் சீக்கிரம் உறையும். பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் போய்விடக்கூடாது என்று உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதோடு சிசேரியன், படுக்கை. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் ஒரு முக்கூட்டு உண்டு: ரத்தம் மந்தமாக ஓடுவது, ரத்தக்குழாய்ச் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடுவது. பிள்ளை பெற்றவளுக்கு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. அதிலும் ஏன் இடது கால் என்றால், அடிவயிற்றில் வலது காலுக்குப் போகும் தமனி இடது காலிலிருந்து வரும் சிரையின் மேலே குறுக்கே போகிறது. ஏற்கெனவே மிதிபட்டுக் கிடக்கும் சிரை, கர்ப்பப்பையும் சேர்ந்து அழுத்தினால் கேட்க வேண்டாம். அதனால் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இடது கால் மட்டும் வீங்கினால், நீர் என்று பெயர் வைக்கவே கூடாது, அன்றைக்கே ஸ்கேன். ஒத்தடம், நீவுதல் இரண்டும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின் மாத்திரை இரண்டுமே பால் கொடுக்கும்போது போடலாம், அதற்காகக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள்.

மாமியாரைக் குறை சொல்லவில்லை. பிரசவமான பெண்களுக்கு இரண்டு காலும் கொஞ்சம் நீர் கோப்பது சகஜம்தான், அவர் பார்த்ததெல்லாம் அதுவாக இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. பிரஷருக்கு மாத்திரை 5லிருந்து 10 மில்லிகிராம் ஆக்கிய பிறகு சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்கிச் செருப்பு ஏறுவதில்லை. லேசான வலி. ரத்தக்கட்டா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: இரண்டு காலும் ஒரே மாதிரி என்றால் ரத்தக்கட்டு கடைசியில்தான் நினைவுக்கு வரும். சீட்டில் அம்லோடிபின் என்று இருக்கிறது, அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அளவு கூடக் கூட வீக்கம் வரும், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும், நீர் பிரிய மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் எகிறும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்து வேறு வகை மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார், வீக்கம் தானாக இறங்கும். ஒரு முறை சிறுநீரில் புரதம், சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் கிரியாட்டினின், இசிஜி பார்த்துவிடுங்கள், முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள், அதுவும் நீரைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: மகனுக்கு 15 வயது, கபடி ஆடுவான். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக இரண்டு மாதமாக வீக்கம், வலி. ராத்திரியில் வலியால் எழுந்துவிடுகிறான். விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணெய் போட்டுக் கட்டுகிறோம்.
— மணப்பாறை

பதில்: கட்டை அவிழ்த்துவிட்டு இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள். வளரும் பையன்களுக்கு அந்த இடத்தில் எலும்பு மேடு வலிப்பது சாதாரணம்தான், ஆனால் அது ஓடினால், குதித்தால் வலிக்கும், ஓய்வில் அடங்கிவிடும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது, அதுவும் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியும், குறையாத வீக்கமும் முழங்காலை ஒட்டி இருந்தால் எலும்புப் புற்று இல்லை என்று உறுதி செய்யும் வரை விடக்கூடாது. வளர் பருவத்தில் அந்தக் கட்டி அதிகம் வருகிற இடமே முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகள்தான். எலும்பில் சீழ் பிடித்திருந்தாலும் இப்படி வலிக்கும். பெரும்பாலும் எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது, நிம்மதியாக வீட்டுக்கு வருவீர்கள். ஆனால் எண்ணெய்க்கட்டு வேண்டாம், நீவ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பெங்களூரில் வேலை, வாராவாரம் நாகர்கோவில் வீட்டுக்கு இரவு பஸ்ஸில் போய் வருகிறேன். விமானத்தில் போனால் காலில் ரத்தம் கட்டும் என்கிறார்களே, பஸ்ஸிலும் கட்டுமா? ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் நல்லதா?
— 31 வயது வாசகர்

பதில்: தம்பி, கட்டுவதற்குக் காரணம் விமானம் இல்லை, மடக்கி வைத்த கால். 1940ல் ஜெர்மானியர்கள் லண்டனில் குண்டு போட்டபோது மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியில் இரவு முழுக்க உட்கார்ந்தே தூங்கினார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்துச் சாவது திடீரென்று கூடியதைக் கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் கவனித்து அந்த ஆண்டே எழுதினார். நாற்காலியின் முன்கட்டை முழங்காலின் பின்பக்கத்தை ராத்திரி முழுக்க அழுத்திக்கொண்டிருந்ததுதான் சூட்சுமம். படுத்துத் தூங்கக் கட்டில் போட்டதும் அது குறைந்தது. உங்கள் செமி ஸ்லீப்பர் சீட்டும் கிட்டத்தட்ட அதே நாற்காலிதான்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007ல் சொன்னது. விமானம், ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள், ஆரோக்கியமானவர்களுக்கு அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. 31 வயதில், முன்பு ரத்தக்கட்டு வந்ததில்லை, வீட்டில் யாருக்கும் இல்லை என்றால், ஆஸ்பிரின் வேண்டாம், அதனால் வயிற்றில் புண் வருவதுதான் மிச்சம். பஸ் டீக்கு நிற்கும் இடத்தில் தூங்காமல் இறங்கி நடங்கள். சீட்டுக்கடியில் பையை வைத்து நீட்டும் இடத்தை அடைக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கித் தூக்கி இறக்கினால் ஆடுசதை பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். படுக்கை பஸ் கிடைத்தால் அதில் போங்கள்.

கேள்வி: வருஷத்தில் மூன்று நான்கு முறை குளிர் காய்ச்சல் வந்து, வலது கால் சிவந்து வீங்கி, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. ஐந்தாறு நாளில் போய்விடும், ஆனால் ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. யானைக்கால்தானா?
— கும்பகோணம் பக்கத்துக் கிராமம், 46 வயது விவசாயி

பதில்: இருக்கலாம், அந்த ஊர்ப் பக்கம் பழைய கதைதான். ராத்திரி 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், யானைக்காலைக் கொண்டுவரும் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் சுற்றுவது அந்த நேரத்தில்தான், சாக்கடைக் கொசு கடிக்க வரும் நேரமும் அதுதான். ஆனால் கால் வீங்கி நாளாகிவிட்டால் ரத்தத்தில் பெரும்பாலும் கிடைக்காது, அதை வைத்து இல்லை என்று முடிவுகட்டக்கூடாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஐயா, உங்கள் கால் விரல் இடுக்கு. இன்றைக்கே ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக ஊறி, வெடித்து, சேற்றுப்புண் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். அந்த வெடிப்பு வழியாகத்தான் வேறு கிருமி உள்ளே போய் ஒவ்வொரு முறையும் காய்ச்சலைக் கிளப்புகிறது. நிணநீர் ஓடும் குழாய்கள் ஒவ்வொரு தாக்குதலிலும் கொஞ்சம் நைந்துபோகின்றன, வீக்கம் மிச்சம் நிற்பது அதனால்தான். வயலிலிருந்து வந்ததும் சாதா சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைத்து, பூஞ்சைக்கு மருந்து தடவுங்கள். இதை ஒழுங்காகச் செய்தாலே காய்ச்சல் வருவது பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் யானைக்காலுக்கான வருடாந்திர மாத்திரை கொடுக்க வந்தால் ஜன்னல் வழியாக வெளியே எறியாமல் விழுங்கிவிடுங்கள். காய்ச்சல் இல்லாத நாளில் ஒரு தடவை அரசு மருத்துவமனையின் யானைக்கால் பிரிவுக்குப் போய் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை சிவப்பு வரும்போது வலி வழக்கத்தைவிடப் பல மடங்கு இருந்தால், தோல் கறுத்தால், நீர்க்கொப்புளம் போட்டால், ஐந்து நாள் காத்திருக்காதீர்கள், ஐந்து மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கெண்டைக்கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்து நீவலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— தென்காசி

பதில்: காரணம் தெரியும் வரை கூடாது. ஆறு வார்த்தைக்குள் சொல்லிவிட்டேன்.

கேள்வி: நான் தையல்காரன். முப்பது வருஷமாகப் பேன்ட்டுக்கு அளவெடுக்கிறேன். யாருக்குமே இரண்டு கெண்டைக்காலும் ஒரே அளவில் இருப்பதில்லை, அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. இதுவும் நோயா?
— ராஜபாளையம்

பதில்: இல்லை அண்ணே. எந்தக் காலை அதிகம் ஊன்றுகிறோமோ அந்தக் காலில் சதை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வலியும் இல்லாமல் பல வருஷமாக அப்படியே இருந்தால் அது அவருடைய உடம்பு வாகு, அவ்வளவுதான். ஆனால் போன மாதம் நீங்கள் தைத்துக் கொடுத்த பேன்ட் ஒரு காலில் மட்டும் ஏறவில்லை என்று யாராவது வந்தால், ஆல்டர் செய்யாதீர்கள், அப்படியே டாக்டரிடம் அனுப்புங்கள்.